தாளா, காயா?

சின்ன வெங்காயத்தைத் தொட்டியில் ஊன்றிப் பார்த்தவர்கள் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஊன்றிய ஒரு வாரத்தில் பச்சைப் பசேலென்று தாள் வந்துவிடுகிறது. கிள்ளக் கிள்ள மறுபடியும் வருகிறது. இரண்டு மாதம் கழித்து மண்ணைக் கிளறினால் காய் இல்லை. ஊன்றிய காயையும் காணோம்; அது இருந்த இடத்தில் ஒரு காய்ந்த தோல் மட்டும் கிடக்கிறது. லேசாகத் தடித்த நாலைந்து வெள்ளை அடிகள், அவற்றின் மேல் தாள், அவ்வளவுதான். பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளம் பக்கம் ஒரு விவசாயி அதே மாதிரிக் காயை வயலில் ஊன்றியிருந்தால், ஏறக்குறைய அதே இரண்டு மாதத்தில் ஒன்றுக்கு ஐந்தாறாகப் பறித்துக் களத்தில் உலர்த்தியிருப்பார்.

மண் வேறு, உரம் வேறு என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் அடிப்படைக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. இலையை வளர்ப்பதா, காயைத் திரட்டுவதா என்று இந்தச் செடி தன் வாழ்நாளின் நடுவில் ஒரு முடிவு எடுக்கிறது. அந்த முடிவை எதைப் பார்த்து எடுக்கிறது என்பதைக் கண்டறியத் தாவரவியலுக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. அது தெரிந்தால், ஒரே மாடித்தோட்டத்தில் தாளையும் காயையும் எப்படி எடுப்பது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் ஒரு காயை எடுத்து நெடுக்காகப் பிளந்து பாருங்கள். அடியில், வேர் முளைக்கும் இடத்தில், சின்னதாக ஒரு கெட்டியான வெள்ளைத் தட்டு இருக்கும். சமைக்கும்போது வேரோடு சேர்த்து நறுக்கி எறிகிறோமே, அந்தத் துண்டுதான் இந்தச் செடியின் தண்டு முழுவதும். அதைத் தட்டுத்தண்டு என்று சொல்லலாம். அதற்கு மேல் அடுக்கடுக்காக இருக்கும் சதை எல்லாமே இலை. நாம் சாம்பாரில் போடும் காயும் தூவுகிற தாளும் ஒரே உறுப்பின் இரண்டு முனைகள்.

வெங்காயத்தின் ஒவ்வொரு இலைக்கும் இரண்டு பகுதிகள் உண்டு. மேலே பச்சைக் குழல். கீழே, சுற்றிலும் மூடிய வெள்ளை உறை. அடுத்த இலை இந்த உறைக்குள்ளேயே தோன்றி, அதன் நடுவழியாக ஏறி, மேலே ஒரு சிறு துளை வழியே வெளிவருகிறது. வாழையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. வாழை மரத்தில் நாம் மரம் என்று நினைப்பது ஒன்றையொன்று தழுவிய இலை மட்டைகள். குருத்து அவற்றின் நடுவே ஏறித்தான் உச்சியில் விரிகிறது. வெங்காயத்தின் கழுத்தும் அப்படிப்பட்ட ஒரு பொய்த்தண்டு. உள்ளே குருத்துகள் ஏறிக்கொண்டே இருக்கும்வரை அது நிமிர்ந்து நிற்கும்.

இப்போது ஒரு காயின் அடுக்குகளை வெளியிலிருந்து ஒவ்வொன்றாக உரியுங்கள். வெளி அடுக்குகளின் மேல்முனை திறந்து, காய்ந்த கழுத்தாக முடியும். அவை ஒரு காலத்தில் பச்சை இலையைத் தாங்கிய உறைகள். கொஞ்சம் உள்ளே போனால் மேல்முனை கூம்பி மூடிய, மிகத் தடித்த அடுக்குகள் வரும். இவற்றுக்குப் பச்சைக் குழல் எப்போதும் இருந்ததே இல்லை. உறையாக மட்டுமே பிறந்தவை. செதில் இலைகள் என்பது இவற்றின் பெயர். நட்ட நடுவில் வெளிறிய பச்சையில் மெல்லிய குருத்து இருக்கும். அது அடுத்த பருவத்தில் முளைக்க வேண்டியது. அந்தச் செடி எப்போது மனம் மாறியது என்பதை இப்படி ஒரு காயை உரித்தே படித்துவிடலாம். திறந்த அடுக்குகள் முடிந்து மூடிய அடுக்குகள் தொடங்கும் இடத்தில், செடி குழல் செய்வதை நிறுத்திவிட்டுச் செதில் செய்யத் தொடங்கியிருக்கிறது.

வயலில் தாள் சாய்வதன் காரணமும் இதுதான். காய் முற்றியதும், தண்ணீர் இருக்கும்போதே, நோய் எதுவும் இல்லாமலே, நேற்றுவரை நிமிர்ந்திருந்த தாள் கழுத்தில் மடிந்து படுத்துவிடும். விவசாயிகள் அதை அறுவடைக்கு அடையாளமாக வைத்திருக்கிறார்கள். உள்ளே புதிய குழல் ஏறவில்லை. ஆகவே கழுத்தின் நடுப்பகுதி வெறுமையாகி, இலையின் பாரத்தைத் தாங்க முடியாமல் மடிகிறது. இலை வாடுவது அதற்குப் பிறகுதான். சீக்கிரம் முற்றட்டும் என்று பச்சையாக இருக்கும் தாளைக் காலால் மிதித்துச் சாய்க்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. சாய்வது முற்றியதன் விளைவு என்பதால், சாய்த்துவிட்டால் முற்றிவிடாது. கழுத்தில் காயம் பட்டு அழுகல்தான் உள்ளே போகும்.

அந்த மனமாற்றத்தைத் தூண்டுவது எது? அதற்கான விடை புகையிலையிலிருந்து தொடங்கியது. அமெரிக்க வேளாண்மைத் துறையில் வேலை செய்த கார்னர், அல்லார்ட் என்ற இருவர், 'மேரிலாண்ட் மாமத்' என்ற புகையிலை ரகம் கோடையில் பூக்காமல் வளர்ந்துகொண்டே போவதைப் பார்த்துக் குழம்பினார்கள். வெப்பம், ஈரம், உரம் என்று எதை மாற்றினாலும் பூக்கவில்லை. 1918-ல் செடிகளை மாலை நான்கு மணிக்கு ஓர் இருட்டுக் கொட்டகைக்குள் வைத்து, மறுநாள் காலை வெளியே எடுத்தார்கள். செயற்கையாகப் பகலைக் குறைத்ததும் செடிகள் பூத்தன. 1920-ல் இதை வெளியிட்டார்கள். செடிகள் பகலின் நீளத்தை அளக்கின்றன என்ற இந்தக் கண்டுபிடிப்புக்கு ஒளிக்காலத்துவம் என்று பெயர். அதற்கு அடுத்த ஆண்டுகளில் அவர்கள் பல பயிர்களைச் சோதித்தார்கள். வெங்காயமும் அதில் ஒன்று. பகல் நீண்டால் வெங்காயம் காய் பிடிக்கிறது. பகல் குறைந்தால் இலை விட்டுக்கொண்டே இருக்கிறது. 1937-ல் மக்ரூடர் என்ற ஆய்வாளரும் அல்லார்டும் பல வெங்காய ரகங்களை வெவ்வேறு நீளப் பகலில் வளர்த்து, ஒவ்வொரு ரகத்துக்கும் ஓர் எல்லை நேரம் உண்டு என்று காட்டினார்கள். அந்த எல்லையைத் தாண்டினால் காய். தாண்டாவிட்டால் வெறும் தாள்.

இதில் நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. லண்டனில் கோடையின் நீண்ட பகல் 16 மணி நேரத்துக்கும் மேல். குளிர்காலத்தில் 8 மணி நேரத்துக்கும் குறைவு. அங்கே பகலின் நீளத்தை வைத்துப் பருவத்தைக் கண்டுபிடிப்பது எளிது. பெரம்பலூரில் ஆண்டின் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 12 மணி 45 நிமிடம். மிகக் குறுகியது 11 மணி 30 நிமிடம். ஒன்றேகால் மணி நேர வித்தியாசம்தான். ஆனாலும் இங்கே வெங்காயம் விளைகிறது. இங்கே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரகங்களின் எல்லை நேரம் மிகக் கீழே, 11, 12 மணி அளவிலேயே இருப்பதுதான் காரணம். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் வளர்க்கும் வேதாளன் ரகமும் இதே வெப்பமண்டலப் பகலுக்குப் பழகியதுதான். 14, 15 மணி நேரப் பகல் வேண்டும் ஐரோப்பிய ரகம் ஒன்றின் விதையை ஆசைப்பட்டு வாங்கி நம் ஊரில் போட்டால், அந்தச் செடி எத்தனை மாதம் காத்திருந்தாலும் தனக்கான கோடை வந்ததாக எண்ணாது. தாள் மட்டும் தரும். நம் ரகத்தை வட ஐரோப்பாவின் கோடையில் போட்டால் நேர்மாறாக நடக்கும்: நாலு இலை விடுவதற்குள் அவசரமாகக் காய் திரட்டி, கோலிக்குண்டு அளவில் முடித்துவிடும். அழகான பொட்டலம், வண்ணப் படம் இவற்றைவிட, விதை எந்த அட்சரேகையில் பழகியது என்பதைக் கேட்டு வாங்குவதுதான் முக்கியம்.

பகலை அளப்பது எந்த உறுப்பு என்பதும் சோதனையில்தான் தெரிந்தது. காய் திரளுவது மண்ணோரத்தில். ஒளியை உணர்வதோ இலை. இலைகளை நீக்கிக்கொண்டே இருந்தால், பகல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் காய் பிடிப்பது தடைபடுகிறது. காய் பிடிக்கத் தொடங்கிய செடியை மறுபடி குறுகிய பகலுக்கு மாற்றினால், செதில் செய்வதை விட்டுவிட்டு மீண்டும் குழல் இலை விடத் தொடங்குகிறது. ஆக, முடிவு ஒருமுறை எடுத்து முடிந்துபோவதில்லை; இலையிலிருந்து செய்தி வந்துகொண்டே இருக்க வேண்டும். 1948-ல் ஹீத், ஹோல்ட்ஸ்வொர்த் என்ற இரண்டு ஆய்வாளர்கள், இலையில் உருவாகிக் கீழே இறங்கும் ஏதோ ஓர் இயக்குநீர் இருக்க வேண்டும் என்று ஊகித்தார்கள்.

அந்த ஊகத்துக்கு உருவம் கிடைத்தது 2013-ல். நியூசிலாந்து ஆய்வாளர்கள் வெங்காயத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பல மரபணுக்களைக் கண்டார்கள். மற்ற செடிகளில் 'பூக்கலாம்' என்ற செய்தியை இலையிலிருந்து நுனிக்குக் கொண்டுபோகும் புரதத்தின் உறவுகள் அவை. வெங்காயத்தில் அவை வேலையைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. ஒன்று பூப்பதற்கு, ஒன்று காய் பிடிப்பதற்கு, இன்னொன்று காய் பிடிப்பதைத் தடுப்பதற்கு. பகல் குறைவாக இருக்கும்வரை தடுக்கும் மரபணு முனைப்பாக இருக்கிறது. பகல் எல்லையைத் தாண்டியதும் அது அடங்குகிறது, காய் பிடிக்கச் செய்வது விழித்துக்கொள்கிறது. தடுக்கும் மரபணுவை எப்போதும் முனைப்பாகவே இருக்கும்படி மாற்றிய செடிகளில் காய் பிடிக்கவே இல்லை. உருளைக்கிழங்கு கிழங்கு வைக்கும் செய்தியையும் இதே குடும்பத்துப் புரதம்தான் கொண்டுபோகிறது. ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருக்கும் இரண்டு செடிகள், ஒன்று இலையிலும் மற்றது தண்டிலும் உணவைச் சேர்க்க, பூப்பதற்கான பழைய கருவியையே எடுத்துப் பயன்படுத்தியிருப்பது எனக்கு எத்தனை முறை படித்தாலும் வியப்பைத் தருகிறது.

செய்தி வந்ததும் அடியில் நடப்பது என்ன? புதிய செல்கள் ஏராளமாக உண்டாவதில்லை. ஏற்கெனவே இருக்கும் உறைச் செல்கள் பக்கவாட்டில் பருக்கின்றன. பள்ளிக்கூட ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் கீழ் முதலில் வைப்பது வெங்காயத் தோலாக இருப்பதும் இதனால்தான்: இலையின் அடிச் செல்கள் உப்பிப் பெரிதாகி, கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகின்றன. அந்தச் செல்களுக்குள் சேர்வது மாவுச்சத்து என்று நினைப்போம். ஒரு துளி அயோடின் கரைசலை உருளைக்கிழங்குத் துண்டில் விட்டால் கருநீலமாகும். வெங்காயத் துண்டில் விட்டால் ஆகாது. வெங்காயம் சேமிப்பது பிரக்டான் என்ற, பழச்சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள். அது நீரில் கரைந்து நிற்கும். ஊன்றிய காய் முளைக்கும்போது இந்தச் சங்கிலி அறுந்து சர்க்கரையாகி, முதல் தாள்களுக்கு உணவாகிறது. தொட்டியைக் கிளறியபோது காணாமல் போன தாய்க்காய் எங்கே போனது என்பதற்கு இதுவே பதில். முதல் இரண்டு வாரம் நீங்கள் கிள்ளிய தாளில் பெரும்பங்கு அந்தக் காய்தான்.

பகல் மட்டும் எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. வெப்பம் கூடினால் காய் பிடிப்பது விரைவுபடும். இலையின் நெரிசலும் அப்படியே: பக்கத்துச் செடியின் இலை வழியே வடிந்து வரும் ஒளியில் சிவப்பு குறைந்து, அதற்கப்பாலுள்ள தூரச்சிவப்பு மிகுந்திருக்கும். பைட்டோகுரோம் என்ற நிறமி வழியாகச் செடி அதை உணர்ந்து, சீக்கிரமாகவே காய் திரட்டத் தொடங்குகிறது. நெருக்கி நட்ட பாத்தி முந்தி முற்றுவதும், காய் சிறுத்துப்போவதும் இதனால். மதில் நிழல் வேறு மாதிரி. அங்கே ஒளியின் அளவே குறைவதால் காய் பிடிப்பது தள்ளிப்போகும். தழைச்சத்தை அதிகம் போட்டாலும் தள்ளிப்போகும். பலகணித் தொட்டியில் வெயில் அரை நாள்தான், உரம் மட்டும் தாராளம், போதாக்குறைக்குத் தாளை வேறு கிள்ளிக்கொண்டிருக்கிறோம். காய் வருவதற்கு எதிரான எல்லாம் அங்கே கூடிவிடுகின்றன.

தாளைக் கிள்ளுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெங்காய இலை வளர்வது நுனியில் இல்லை, அடியில். இதை வீட்டிலேயே பார்க்கலாம். இளம் தாள் ஒன்றில் மையால் சம இடைவெளியில் கோடுகள் போட்டு வையுங்கள். சில நாளில் மேல்கோடுகள் அப்படியே இருக்க, அடிக்கோடு மட்டும் விலகியிருக்கும். அதனால்தான் இளம் தாளை நறுக்கிய பிறகும் அது மழுங்கிய நுனியோடு நீளுகிறது. முழுதும் வளர்ந்துவிட்ட தாளை நறுக்கினால் அது திரும்ப நீளாது. அடியோடு ஒட்ட அறுத்தால், உள்ளே ஏறிக்கொண்டிருக்கும் குருத்துகளும் சேர்ந்து போய்விடும். இரண்டு மூன்று விரல் உயரம் விட்டு நறுக்குவது நல்லது.

ஆனால் காய்க்கு அதில் விலை உண்டு. ஒவ்வொரு இலையும் காயில் ஓர் அடுக்கு. அந்த அடுக்கை நிரப்பும் சர்க்கரையும் அந்த இலைகளிலிருந்துதான் வர வேண்டும். முடிவு எடுக்கும் நேரத்தில் எத்தனை இலை இருக்கிறதோ அதைப் பொறுத்தே காயின் அளவு. ஒரு கொத்திலேயே தாளும் காயும் வேண்டும் என்றால், ஊன்றிய முதல் மாதத்தில் ஒவ்வொரு முளைக்கும் ஒரு தாள் என்று வெளித்தாளை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு கைவைக்காமல் விடலாம். கழுத்துக்குக் கீழே தடிப்பு தெரிந்தபின் நறுக்கும் ஒவ்வொரு தாளும் காயிலிருந்து நேரடியாகக் கழிகிறது. என்னைக் கேட்டால், தாளுக்குத் தனித் தொட்டி, காய்க்குத் தனித் தொட்டி என்று பிரித்துவிடுவதே மேல். காய்த் தொட்டிக்கு முழு வெயில், மணல் கலந்த இளகிய மண், முதல் மாதத்துக்குப் பின் தழை உரம் நிறுத்தம், முற்றும்போது தண்ணீர் நிறுத்தம். தாள் தொட்டிக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் தேவையில்லை.

எந்தக் காயை ஊன்றுவது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. பெரிய வெங்காயம் ஒன்றையும் சின்ன வெங்காயம் ஒன்றையும் குறுக்காக வெட்டி அருகருகே வையுங்கள். முதலாவதில் பெரும்பாலும் ஒரே மையத்தைச் சுற்றி வளையங்கள். இரண்டாவதில் வெளி வளையங்களுக்குள் இரண்டு, மூன்று தனி மையங்கள். இலைகளின் கக்கத்தில் இருக்கும் கோண மொட்டுகள் சின்ன வெங்காயத்தில் காய்க்குள் இருக்கும்போதே பிரிந்துவிடுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு முளை, ஒரு புதுக் காய். இந்தக் கொத்து வளர்ச்சியைப் பார்த்து ஒரு காலத்தில் இதைத் தனி இனம் என்றே வகைப்படுத்தினார்கள். இரண்டுக்கும் குரோமோசோம் 16 என்பதும், இரண்டையும் கலந்தால் வளமான சந்ததி பிறப்பதும் தெரிந்த பிறகு, பெரிய வெங்காயத்தின் கொத்து வகை என்று மாற்றிக்கொண்டார்கள்.

பூத்து விதை வைக்கக் குளிர் தேவை என்பதால் சமவெளியில் சின்ன வெங்காயம் பொதுவாகப் பூப்பதில்லை. அதனால் காயையே விதையாகச் சேமித்தாக வேண்டும். ஹெக்டேருக்கு ஏறத்தாழ ஒரு டன் விதைக்காய் போகும் பயிர் இது. விவசாயிக்குப் பெரிய செலவு அதுதான். தாய்க்காயில் இருக்கும் வைரஸ் தலைமுறைதோறும் கூடவே வருவதும் இதனால்தான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சமவெளியிலேயே பூத்து விதை தரும் கோ 5 ரகத்தை உருவாக்கியதன் அருமை இங்கே புரியும்: டன் கணக்கில் காய் வேண்டிய இடத்தில் சில கிலோ விதை போதும்.

புதிதாகப் பறித்த காயை ஊன்றினால் உடனே முளைக்காது. அது உறக்கநிலையில் இருக்கும். உலர்த்தி ஒன்றிரண்டு மாதம் வைத்தபின்தான் சீராக முளைக்கும். அந்த உறக்கத்தை வெப்பம் நீட்டிக்கிறது. 10, 15 டிகிரி போன்ற மிதக் குளிரில் சீக்கிரம் கலையும் உறக்கம், 25 முதல் 30 டிகிரியில் நீடிக்கிறது. தரையிலிருந்து உயர்த்தி, மூங்கிலும் ஓலையும் வைத்து, நாலாபுறமும் காற்று புகும்படி போடும் வெங்காயப் பட்டறை மின்சாரமே இல்லாமல் மாதக்கணக்கில் காயைக் காப்பதன் அடிப்படை இதுதான். காற்று ஈரத்தை எடுத்துக்கொண்டு போகிறது, வெப்பம் முளையை அடக்கி வைக்கிறது. வீட்டில் குளிர்பதனப் பெட்டிக்குள் இருந்த வெங்காயத்தை வெளியே எடுத்து வைத்ததும் மளமளவென்று முளைப்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

விதைக்காயின் அளவும் விளைச்சலை மாற்றும். பெருத்த காய்க்குள் பிரிந்த மையங்கள் அதிகம். அதை ஊன்றினால் முளைகள் நிறைய வரும், தாள் அடர்ந்து வரும், ஆனால் அவை ஒன்றையொன்று நெருக்கிக் காய்கள் சிறுத்துப்போகும். சிறிய காயிலிருந்து முளை குறைவாக வரும். ஒவ்வொன்றுக்கும் இடமும் வெயிலும் கிடைத்து, எண்ணிக்கையில் குறைந்த, அளவில் பெரிய காய்கள் வரும். கூடையில் இருப்பதைப் பிரித்து, பருத்தவற்றைத் தாள் தொட்டியில் நெருக்கமாகவும், நடுத்தரத்துக்குச் சற்றுச் சிறியவற்றைக் காய்த் தொட்டியில் நாலு விரல் இடைவெளி விட்டும், உச்சி மண்ணுக்கு மேல் லேசாகத் தெரியும்படி ஊன்றுங்கள்.